எண்ணும் கையும்: வாசகர் கேள்விகளுக்கு நடன ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். சிறுவயது முதல் பரதம் பயின்றவள் நான். இப்போது பாலக்காட்டில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து, குர்ஜீஃப் என்ற ஆன்மிக ஆசிரியரின் மரபில் வந்த ‘மூவ்மெண்ட்ஸ்’ என்னும் நடனப் பயிற்சியைக் கற்று வருகிறேன். எங்கள் ஆசிரியர் கைக்கு ஆறு நிலைகள் தந்திருக்கிறார். கையைத் தொங்கவிடுவது 1, முன்னால் நீட்டுவது 2, தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டுவது 4, முழங்கையை மடக்கி உள்ளங்கையை மார்பின் முன் வைப்பது 5, விரல்நுனியால் தோளைத் தொடுவது 7, தலைக்கு மேல் உயர்த்துவது 8. வலக்கை 1-4-2-8-5-7 என்ற வரிசையில் செல்லும். இடக்கை அதே வரிசையை 8-இலிருந்து தொடங்கும். தனித்தனியாகச் செய்தால் பிசகுவதில்லை. இரண்டையும் சேர்த்தால் நான்காம் எண்ணிக்கையில் இடக்கை வலக்கையோடு சேர்ந்து மேலே போய்விடுகிறது. நாட்டியமே தெரியாதவர்கள் என்னைவிட விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நாட்டியம் தெரிந்திருப்பதால்தான் உங்களுக்கு இது கடினமாக இருக்கிறது. அடவு என்னும் அடிப்படை அசைவுத் தொகுப்புகளைப் பயின்ற கை, ஓட்டத்தை நம்பிப் பழகிய கை. நாட்டடவு என்ற அடவைச் செய்யும்போது கை அடுத்து எங்கே போக வேண்டும் என்று நாம் யோசிப்பதில்லை. முந்தைய அசைவே அடுத்ததை இழுத்து வருகிறது, சொற்கட்டு என்னும் தாளச் சொற்கள் அதற்குத் துணை நிற்கின்றன. இடையில் நிறுத்தி, ‘மூன்றாவது அசைவை மட்டும் காட்டு’ என்று கேட்டால், தேர்ந்த மாணவிகூட முதலிலிருந்து தொடங்கித்தான் மூன்றாவதற்கு வந்து சேருவாள். நம் பக்கத்துப் போர்க்கலைக் களரிகளிலும் இதே முறைதான்: குருக்கள் வாய்த்தாரி என்னும் கட்டளைச் சொற்களைச் சொல்லச் சொல்ல, மெய்ப்பயற்று என்னும் உடற்பயிற்சியின் அசைவுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருகின்றன. எண்முறைப் பயிற்சி இந்தப் பிடிமானத்தை வேண்டுமென்றே அறுத்துவிடுகிறது. அதில் 5 என்பது 8-க்குப் பின் வரும் அசைவு அன்று; எங்கிருந்து புறப்பட்டாலும் கை போய் நிற்க வேண்டிய ஓர் இடம். நீங்கள் வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆறு இடங்களை இன்னும் தனித்தனியாகக் கற்கவில்லை.

இப்பயிற்சி பிறந்த விதத்தை அறிந்தால் இந்த நோக்கம் தெளிவாகும். குர்ஜீஃப் இன்றைய ஆர்மீனியாவின் கியூம்ரி நகரில் பிறந்தவர். 1919-ல் திபிலிசியில் அவர் ழான் த சால்ஸ்மான் என்ற ஆசிரியையைச் சந்தித்தார். சுவிட்சர்லாந்தின் இசைக்கலைஞர் எமில் ஜாக்-தால்குரோஸிடம், இசையின் லயத்தை உடலால் கற்கும் முறையைப் பயின்றவர் அவர். அவருடைய மாணவிகளைக் கொண்டே அந்த ஆண்டில் இந்த நடனங்கள் முதன்முதலாக மேடையில் காட்டப்பட்டன. 1922-ல் பாரிஸுக்கு அருகே ஃபோந்தேன்புளோவில் குர்ஜீஃப் தம் பயிற்சி நிலையத்தை நிறுவினார்; 1949-ல் அவர் மறைந்த பிறகு சால்ஸ்மான் அம்மையார் 1990 வரை வாழ்ந்து இந்த மரபைக் கையளித்தார். தலை, கை, கால் ஆகியவை வெவ்வேறு ஒழுங்குகளில் இயங்கும்போது, பழக்கத்தின் போக்கில் விட்டுவிட முடியாத ஒரு கவனம் தேவைப்படுகிறது. அந்தக் கவனத்தை வளர்ப்பதே பயிற்சியின் நோக்கம், பார்ப்பவருக்கு அழகு காட்டுவது அன்று. நிலைகளுக்கான எண்கள் எல்லாப் பாடங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், உங்கள் ஆசிரியர் தந்த எண்களையே வைத்துப் பேசுகிறேன்.

அந்த வரிசை சும்மா எடுத்ததன்று. 1-ஐ 7-ஆல் வகுத்தால் 0.142857 என வந்து, அதே ஆறு இலக்கங்கள் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும். 2-ஐ 7-ஆல் வகுத்தால் 285714, 3-ஐ வகுத்தால் 428571. வட்டம் ஒன்றே, தொடங்கும் இடம் மட்டுமே மாறுகிறது. 3, 6, 9 ஆகிய மூன்றும் இதில் வருவதே இல்லை. குர்ஜீஃப் கற்பித்த, வட்டத்தில் ஒன்பது புள்ளிகளைக் கொண்ட வடிவத்தில் அவை தனி முக்கோணமாக நிற்கின்றன. இப்போது உங்கள் பாடத்துக்கு வாருங்கள். இடக்கை 8-இலிருந்து தொடங்குவதால், ஆறு எண்ணிக்கைகளிலும் இரு கைகளின் எண்களைக் கூட்டினால் 9 வரும்: 1-உம் 8-உம், 4-உம் 5-உம், 2-உம் 7-உம், பிறகு அதே மூன்று இணைகள் கை மாறி வருகின்றன. முதல் எண்ணிக்கையில் வலக்கை கீழே, இடக்கை மேலே. நான்காம் எண்ணிக்கையில் வலக்கை மேலே, இடக்கை கீழே. நீங்கள் தடுமாறும் இடம் சரியாக இந்தக் கைமாற்றம் நிகழும் இடம்தான். அதுவரை தோளைத் தொட்டிருந்த இடக்கை கீழே விழ வேண்டிய அதே நொடியில், முன்னால் நீண்டிருந்த வலக்கை மேலே எழுகிறது. இடக்கை அதன் கூடவே கிளம்பிவிடுகிறது.

இதற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஒன்றையொன்று கண்ணாடியில் கண்டதுபோல அசைவதையே நம் இரு கைகளும் விரும்புகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1980-களில் விரல்களை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்: இரு ஆள்காட்டி விரல்களையும் இணையாக ஒரே பக்கம் அசைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்தில் அவை தாமாகவே கண்ணாடி பிம்பம்போல எதிரெதிராக அசையும் முறைக்குத் தாவிவிடுகின்றன, மெதுவாக அசைக்கும்போது இந்தத் தாவல் நேர்வதில்லை. ஆகவே உங்கள் முதல் மருந்து வேகத்தைக் குறைப்பதே. குழு எந்த வேகத்தில் செய்தாலும், வீட்டில் ஒரு மூச்சுக்கு ஒரு நிலை என்று செய்யுங்கள்.

அடுத்தது, வரிசையைச் சில நாட்களுக்கு மறந்துவிடுவது. வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, வாய்க்கு வந்தபடி 7, 2, 2, 8, 1 என எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு கையால் மட்டும் அந்த இடத்துக்கு நேராகப் போங்கள், இடையில் வேறு நிலையைத் தொட்டுச் செல்லாதீர்கள். தொடக்கத்தில் வரிசைப்படி செய்வதைவிட இது மோசமாகத்தான் வரும். கலைத்துப்போட்டுப் பயில்பவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினாலும், பிற்பாடு கற்றதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஷே, மோர்கன் என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட கையசைவு ஆய்வு காட்டியது; மாணவிகளிடமும் அதையே கண்டிருக்கிறேன். ஆறு இடங்களும் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வந்த பிறகு, இரு கைகளையும் சேர்த்து மூன்று இணைகளை மட்டும் நின்று நின்று செய்யுங்கள். அதன் பின்னரே முழு வட்டம். கால்களைச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வலக்கையின் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள். குரல் கைக்கு ஒரு கணம் முந்தி வர வேண்டும். கை போன பிறகு எண்ணைச் சொன்னால், பழக்கம் முன்னே போக எண் அதன் வாலைப் பிடிக்கிறது என்று பொருள். சில நாள் இடக்கையின் எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் எந்தக் கையை நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தீர்கள் என்பது தெரியும். கூட்டினால் 9 வரும் கணக்கை, நின்று சரிபார்க்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ஆடும்போதே அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால், இரு கைகளும் மூன்று படங்களாகச் சுருங்கி, மறுபடியும் ஓட்டத்துக்குள் போய்விடுவீர்கள்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. கோயில் திருவிழாக்களில் பஞ்சாரி என்னும் செண்டை மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு சுற்றுக்கான எண்ணிக்கை 96, 48, 24, 12 எனக் குறைந்து 6-இல் வந்து முடியும் அந்த மேளத்தின் கடைசிக் கட்டத்தில், கூட்டமே கையை உயர்த்தித் தாளம் பிடிக்கும். ஆறு என்றாலே நம் காது முதல் அடியில் அழுத்தம் வைத்துவிடுகிறது. உங்கள் வட்டம் எப்போதும் 1-இல் தொடங்கி 1-இல் அழுந்தினால், ஆசிரியர் ‘5-இலிருந்து தொடங்குங்கள்’ என்று சொல்லும் நாளில் எல்லாம் குலைந்துவிடும். ஒவ்வொரு நாளும் வேறோர் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஆறு பேர் ஆறு எண்களில் தொடங்கி ஒரே வட்டத்தில் ஆடும்போது இந்தப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்பதை உணர்வீர்கள். உங்கள் நாட்டிய அறிவு வீணாகவில்லை. முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியில் கற்ற நிலைப்பும், கைநுனி வரை ஓடும் முழுமையும் மற்றவர்களுக்கு இனிமேல்தான் வர வேண்டும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், வயது 67, சர்க்கரை நோய் உண்டு. வலத்தோள் இறுகி, கை முழுவதும் மேலே எழுவதில்லை. இவ்வகைப் பயிற்சி நினைவாற்றலைக் காக்கும் என்கிறார்கள். நான் சேரலாமா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: ஐயா, தாராளமாகச் சேரலாம், ஆனால் தோளை மருத்துவரிடம் காட்டிய பிறகு சேருங்கள். தோள் இறுகும் நோய் சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக வருவது. அதற்கென்று பிசியோதெரபி உண்டு. நிலைகளின் உயரத்தைவிட அவற்றின் வேறுபாடே இப்பயிற்சிக்கு முக்கியம் என்பதால், 8 என்பது தலைக்கு மேல்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வலியின்றி உங்கள் கை எட்டும் உயரத்தையே 8 என்று வைத்து, இடக்கையையும் அதே அளவில் நிறுத்துங்கள். நாற்காலியில் அமர்ந்தும் செய்யலாம். நீட்டிய கையை ஒரே இடத்தில் வெகுநேரம் நிறுத்திவைப்பது தோள் தசையைக் களைப்பாக்கும் என்பதால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை கைகளைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள்.

நினைவாற்றலைப் பொறுத்தவரை, 2003-ல் நியூயார்க்கில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்புப் பொழுதுபோக்குகளுள் நடனம் மட்டுமே மறதி நோயின் குறைந்த வாய்ப்போடு தொடர்புடையதாக இருந்தது. அது அவர்கள் வழக்கமாக ஆடிய பொது நடனங்களைப் பற்றியது. நடனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவுமில்லை. மருந்தாக எண்ணிச் சேராதீர்கள். எண்ணும் கையும் இசையும் ஒன்றுகூடும் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பிடித்திருந்தால், அதற்காகச் சேருங்கள்.

கேள்வி: காணொளியைப் பார்த்து இதைக் கற்று, எங்கள் பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர விரும்புகிறேன். முடியுமா?
– ஆசிரியை, மீனாட்சிபுரம்

பதில்: குர்ஜீஃப் மரபின் நடனங்களைக் காணொளி வழியே கற்பதை நான் ஏற்பதில்லை. அம்மரபினர் இவற்றை நேரில் மட்டுமே கற்பிக்க விரும்புகிறார்கள் என்பது ஒரு காரணம்; திரையில் நம்மைப் பார்த்து நிற்பவரின் வலக்கை நம் இடப்பக்கம் தெரிவதால், கண் பார்த்தபடி செய்பவர் தொடக்கத்திலேயே கை மாறிக் கற்றுவிடுவார் என்பது இன்னொன்று. குழந்தைகளுக்கு அந்த நடனங்கள் தேவையுமில்லை. நான்கு கைநிலைகளை நீங்களே வகுத்து, 1 முதல் 4 வரை எண் கொடுத்து, ஒரு குழந்தை எண் சொல்ல மற்றவர்கள் காட்டட்டும். நன்றாக வந்த பிறகு இரண்டு எண்களைச் சேர்த்துச் சொல்லச் செய்யுங்கள்: முதலாவது வலக்கைக்கு, இரண்டாவது இடக்கைக்கு. பிசகிய குழந்தையை வெளியேற்றாமல் ஆட்டத்திலேயே வைத்திருங்கள். அந்தக் குழந்தைக்குத்தான் இன்னும் பல சுற்றுகள் வேண்டும்.