மீன் கேள்வி-பதில்: சேற்றைச் சோதித்தீர்களா?

எங்கள் ஏரியில் மீன் செத்து மிதக்கிறது. கன உலோகம்தானே காரணம்? (காவேரிப்பட்டணம்)

என்ன மீன், எத்தனை, எந்த நேரம் என்று ஒன்றுமே எழுதவில்லையே! விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திணறிச் செத்திருந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகம் ஒரே ராத்திரியில் ஏரியைக் காலி செய்வது அபூர்வம். வளர்ச்சியையும் முட்டையையும் மெல்லக் கெடுப்பதுதான் அதன் வழக்கம். செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பு போய் வெளிறி, விரலில் சளி நூலாக இழுபட்டால் உலோகத்தையோ வேறு ரசாயனத்தையோ சந்தேகிக்கலாம். பாசி ஒழிக்க யாராவது மயில்துத்தம் (செம்பு உப்பு) கொட்டினார்களா என்றும் விசாரியுங்கள். செம்பு செவுளைத்தான் முதலில் தாக்கும்.

கைவிட்ட கிரானைட் குழியில் மீன் வளர்க்கலாமா? (ஜெகதேவி)

கிரானைட்டில் செம்பு, துத்தநாகச் சுரங்கங்களில் உள்ள அளவுக்கு, காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறும் கந்தகத் தாது கிடையாது. அதனால் அமில நீர் பயம் குறைவு. உங்கள் எதிரி கல் அறுக்கும் பவுடர். அந்தச் சாம்பல் நிறச் சேறு செவுளில் அப்பினால் மீன் மூச்சு முட்டிச் சாகும். ஆழத்தில் ஆக்சிஜனும் இருக்காது. கரை செங்குத்தாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

நன்றாகப் பொரித்தால் பாதரசம் போய்விடுமா? (பென்னாகரம்)

போகாது. மஞ்சள் தடவினாலும் போகாது. குடல், ஈரல், செவுளை எறிந்தால் காட்மியமும் ஈயமும் ஓரளவு குறையும். பாதரசம் சதையிலேயே இருக்கிறது.

கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரைச் சோதித்தோம், உலோகம் இல்லை என்று அறிக்கை. இனி கவலை இல்லைதானே? (பெரியமுத்தூர்)

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு ஆற்றாமை. தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. உலோகம் வண்டலில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேல் தண்ணீர் தெளிவாக இருக்கும், அறிக்கையும் தெளிவாக வரும். கோடையில் அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் கட்டுண்டது மறுபடி கரையும். இந்த அணைக்கு வரும் தென்பெண்ணை மேலிருந்து எதையெல்லாம் சுமந்து வருகிறது என்பதை, ஓசூர் பக்கம் அதே ஆற்றில் உள்ள கெலவரப்பள்ளி அணையின் நுரையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கூட்டத்தில் மூன்று தடவை சொன்னேன், சேற்றையும் எடுங்கள் என்று. கடைசியில் குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர் மட்டும் போனது. சரி, இப்போதாவது கேளுங்கள். பிளாஸ்டிக் கரண்டியால் மேல் சேற்றை இரண்டு அங்குலம் எடுங்கள், இரும்புக் கரண்டி வேண்டாம். புதுப் பாலித்தீன் பையில் கட்டி ஐஸில் வையுங்கள். மீனையும் சோதிப்பதானால் மிருகாலைக் கொடுங்கள். கட்லா மேல்மட்டத்தில் மேய்வது, மிருகால் அடிச்சேற்றைக் கிளறித் தின்பது. வண்டலை வயலுக்கு ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஜப்பானில் காமியோகா சுரங்கக் காட்மியம் ஜின்சூ ஆற்று வழியே வயலில் தங்கி நெல்லில் ஏறியது. எலும்பை நொறுக்கிய இட்டாய்-இட்டாய் நோய்க்கு அதுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல்.

அரூர் பக்கம் மாலிப்டினம் தோண்டினால் மீனுக்கு ஆபத்தா? (அரூர்)

எஃகில் சேர்க்கும் உலோகமான மாலிப்டினம் மீனுக்குப் பெரிய விஷமில்லை. ஆனால் அதன் தாது கந்தகத் தாது. கூடவே இரும்புக் கந்தகமும் இருந்து, உடைத்துக் குவித்த கல்லில் காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறும். அமிலம் மற்ற உலோகங்களைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுவரும். மேய்ச்சல் புல்லில் மாலிப்டினம் கூடினால் மாட்டுக்குச் செம்புச் சத்துக் குறையும், கழிச்சல் வரும். தோண்டும் முன்பே ஓடைச் சேற்றைச் சோதித்து எழுதி வையுங்கள். பிறகு “முன்பே இப்படித்தான் இருந்தது” என்று எவரும் சொல்ல முடியாது.

விராலா, ஜிலேபியா, எது நல்லது? (பாரூர்)

பாதரசத்தைப் பொறுத்தவரை ஜிலேபி. விரால் மற்ற மீனைத் தின்று வளர்வது, அவை சேர்த்ததெல்லாம் அதன் சதைக்கு வரும். ஈயமும் காட்மியமும் அப்படி ஏறுவதில்லை. அதற்குச் சேற்றைத்தான் பார்க்க வேண்டும்.