டிஎன்ஏ கிட்: வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும்

கேள்வி (ஸ்காபரோ, கனடா): சில வருடங்களுக்கு முன் நத்தார் (கிறிஸ்துமஸ்) மலிவு விற்பனையில் 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பனியின் டிஎன்ஏ கிட் வாங்கி எச்சில் அனுப்பினேன். தென்னிந்திய, இலங்கை வம்சாவளி என்று முடிவு வந்தது. அது எனக்கு முன்னமே தெரியும்! அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது கம்பனி திவாலாகிக் கைமாறிவிட்டது என்கிறார்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லிப் பெறாமகள் (உடன்பிறந்தவரின் மகள்) நச்சரிக்கிறாள். அழிக்க வேண்டுமா?

பதில்: பெறாமகள் சொல்வதைக் கேளுங்கள். அதில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் மரபணுவில் ஏறக்குறைய கால்வாசி அவளுடையதோடு ஒத்துப்போகும். அவள் குழாயில் துப்பவும் இல்லை, எந்தப் படிவத்திலும் சம்மதம் தரவும் இல்லை.

நடந்தது இதுதான். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது. கடை மூடும்போது மேசை நாற்காலியை ஏலம் விடுவதுபோல ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரமும் சொத்துக் கணக்கில் சேர்ந்து ஏலத்துக்கு வந்தது. ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. கடைசியில் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வொஜிட்ஸ்கியின் லாப நோக்கமற்ற அமைப்பு 30.5 கோடிக்கு எடுத்துக்கொண்டது. பழைய தனியுரிமை விதிகள் தொடரும், அழிக்கும் உரிமையும் இருக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். வாக்குறுதி நிலைக்கிறதா என்று பொறுத்திருந்து பார்ப்பதைவிட, உரிமை இருக்கும்போதே அதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

அதற்கு முன்பே, 2023-இல், பெரிய திருட்டு ஒன்று நடந்தது. திருடர்கள் நேரடியாகத் திறந்தது சுமார் 14,000 கணக்குகளைத்தான். வேறு தளங்களில் கசிந்த பாஸ்வேர்டையே இங்கேயும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் அவை. ஆனால் உறவினர்களைத் தேடித் தரும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. கனடாவில் மட்டும் கிட்டத்தட்ட 3.2 லட்சம் பேர். பிரிட்டன் 23.1 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. உங்கள் நாட்டுத் தனியுரிமை ஆணையர் பிரிட்டனோடு சேர்ந்து விசாரித்தார், ஆனால் அபராதம் போடும் அதிகாரமே அவருக்கு இல்லை!

அழிக்கும் விதம்: கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பகுதியில் கீழே போனால் '23அண்ட்மீ டேட்டா' என்று இருக்கும். அதைத் திறந்து, வேண்டுமானால் உங்கள் விவரத்தை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு நிரந்தரமாக அழிக்கும் பட்டனை அழுத்துங்கள். ஒரு மின்னஞ்சல் வரும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அதில் உள்ள இணைப்பை அழுத்தி உறுதி செய்தால்தான் அழிக்கும் வேலையே தொடங்கும். எச்சில் மாதிரியைப் பாதுகாத்து வைக்கச் சம்மதித்திருந்தால் அதையும், ஆராய்ச்சிக்குக் கொடுத்த சம்மதத்தையும் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டதைத் திரும்பப் பெற முடியாது.

காப்புறுதிக்காரர் மரபணு முடிவைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2017-இலிருந்து கனடாவில் அப்படிக் கட்டாயப்படுத்துவது குற்றம். அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் சொல்லிவிட்டது.

கேள்வி (திருப்பூர்): என் நண்பர் ஒருவருக்குக் குழந்தை தன்னுடையதுதானா என்று சந்தேகம். மனைவிக்குத் தெரியாமல் செய்ய ஆன்லைனில் 'மன நிம்மதி டெஸ்ட்' என்று ஒரு கிட் விற்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கோர்ட்டில் காட்டலாமா?

பதில்: நண்பருக்காகக் கேட்கிறீர்கள், சரி.

அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பாருங்கள், 'சட்டப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருக்கும். வீட்டில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால், அது யாருடைய கன்னம் என்பதற்குச் சாட்சி கிடையாது.

சாட்சி இருந்தாலும் சட்டம் குறுக்கே நிற்கும். செல்லுபடியான திருமணம் நீடிக்கும்போது பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 116-ஆவது பிரிவு சொல்கிறது. 1872-இன் சாட்சியச் சட்டத்தில் இதே விதி 112-ஆவது பிரிவாக இருந்தது. அதை உடைக்க வேண்டுமானால், கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று கணவன் காட்ட வேண்டும். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றிலும் கணவர் முன்கூட்டியே தனியாரிடம் டிஎன்ஏ சோதனை செய்திருந்தார். அப்படியும் குழந்தைக்குச் சோதனை நடத்த வேண்டும் என்ற கீழ் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்பா அம்மா சண்டையில் குழந்தையைப் பகடைக்காயாக்க முடியாது என்பதே அதன் சாரம். 2014-இல் அதே நீதிமன்றம் டிஎன்ஏ முடிவை ஏற்று ஒரு கணவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னதும் உண்மைதான். ஆனால் அங்கே சோதனை நீதிமன்ற உத்தரவின் பேரில் நடந்தது.

என்னைக் கேட்டால், அந்தக் கிட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு குடும்பநல வக்கீலைப் பார்க்கலாம். முடிவு எப்படி வந்தாலும் அந்தக் குடும்பம் பழையபடி இருக்காது. லண்டனில் அடுத்தவரின் மாதிரியை உரிய சம்மதமின்றி ரகசியமாகச் சோதித்தால் மூன்று வருடம் வரை சிறை. பிரான்ஸில் பொழுதுபோக்கு டிஎன்ஏ கிட்டுக்கே 3,750 யூரோ அபராதம். நம்மிடமோ, டிஎன்ஏ சோதனையை ஒழுங்குபடுத்த 2019-இல் கொண்டுவந்த மசோதாவை 2023-இல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது.

கேள்வி (சிங்கப்பூர்): அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானது. அமெரிக்காவில் இருக்கும் அக்கா கிட் வாங்கிச் சோதித்ததில், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இல்லை என்று வந்திருக்கிறது. நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது. பிஆர்சிஏ மரபணுக்களில் தெரிந்த மாற்றங்களே ஆயிரத்துக்கு மேல். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வீட்டுக் கிட்டுக்கு அனுமதித்தது அதில் மூன்றை மட்டும், அதுவும் அஷ்கெனாசி (ஐரோப்பிய வம்சாவளி) யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. 2023-இல் அது 44 ஆனது. நம் குடும்பங்களில் இருக்கக்கூடிய மாற்றம் அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம்.

மரபணு ஆலோசகர் உள்ள மருத்துவமனையில் முழுப் பரிசோதனை செய்யுங்கள், அதுவும் முதலில் அம்மாவுக்கு. நோய் வந்தவரிடம் மாற்றம் அகப்பட்டால் மகள்களுக்கு அதை மட்டும் தேடினால் போதும். மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், கிட்டின் மூலத் தரவை இலவசத் தளங்களில் ஏற்றிப் பார்த்துப் பயப்படுவதும் வேண்டாம். அப்படித் தெரிந்த மாற்றங்களை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி சரிபார்த்த 2018 ஆய்வு ஒன்றில் 40 சதவீதம் தவறாக இருந்தன.

கேள்வி (மதுரை): வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார், வயிற்றில் இருப்பது பையனா பெண்ணா என்று ரத்தத்தில் பார்க்கும் கிட் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: கூடாது. ஸ்கேனாக இருந்தாலும் டிஎன்ஏவாக இருந்தாலும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒன்றுதான். பாலினம் அறிய உதவி கேட்பவருக்கே மூன்று வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நாத்தனாரிடம் குழந்தைக்குச் சட்டை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.