மீன் குழம்பைக் கொதிக்க வைத்தால் போதுமா?

கேள்வி: உவர்மலையில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். எனக்கு 71 வயது, அவருக்கு 76. அவர் இன்சுலின் போடுகிறார். பிள்ளைகள் கனடாவில். மாரியில் காற்றடித்தால் மின்சாரம் போய்விடுகிறது. போன வாரம் இரவு முழுவதும் இல்லை. காலையில் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் குழம்பை, "மணம் மாறவில்லை, கொதிக்க வைத்தால் சரி" என்று அவர் சாப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை. நான் தொடவில்லை. யார் செய்தது சரி?
– வாசகி, திருகோணமலை

பதில்: நீங்கள் செய்ததுதான் சரி, அம்மா. ஐயா இந்த முறை தப்பிவிட்டார், அவ்வளவுதான்.

வயது ஏற ஏற மூக்கின் கூர்மை குறைகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது. நீரிழிவு அதை இன்னும் தளர்த்தும். நோய் தரும் கிருமிகள் பல, மணத்தையோ நிறத்தையோ மாற்றுவதும் இல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் சில கிருமிகள் உணவில் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியில் அழியாது. வெளியில் கிடந்த சோற்றில் அப்படி ஒரு நஞ்சு உருவாகிறது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் பச்சையாகக் குளிர் இழந்து கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்கிறது. அதன்பின் எவ்வளவு புளி விட்டுக் காய்ச்சினாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் அரித்து, நெஞ்சு படபடக்கும்.

ஆகவே மணத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மின்சாரம் போன நேரத்தைக் குறித்து வையுங்கள். கதவைத் திறக்காவிட்டால் பெட்டி 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அதற்கு மேல் போனால் மீன், இறைச்சி, பால், தேங்காய்ப்பால் சொதி, சோறு எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். நீங்கள் தூங்கும்போது மின்சாரம் போய், நேரம் தெரியாவிட்டாலும் அப்படியே. நிறைந்த பிரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். பிரீசரில் ஒரு கோப்பைத் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். அது அடியில் கிடந்தால், உள்ளே இருந்தவை உருகி மீண்டும் உறைந்தவை. எதையும் எடுக்க வேண்டாம்.

கொட்ட மனம் வராது என்பது தெரியும். இடம்பெயர்ந்து, ஒரு பிடி சோற்றின் அருமை அறிந்த தலைமுறை உங்களுடையது. கொட்டாமல் இருக்க வழி, குறைவாக வாங்குவதுதான். கார்த்திகை, மார்கழியில் அன்றைக்கு வேண்டிய மீனை மட்டும் வாங்கி, ஒரு வேளைக்கு மட்டும் சமையுங்கள். பருப்பு, பால்மா, சிறிய டின் மீன் கையிருப்பில் இருக்கட்டும். டின்னைத் திறந்தால் அந்த வேளையிலேயே முடித்துவிடுங்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் நம் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வெள்ளம் வந்தால் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும்.

இன்சுலினுக்காக அடிக்கடி கதவைத் திறக்காதீர்கள். பயன்பாட்டில் உள்ள குப்பியை, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்கு மேற்படாத நிழலான இடத்தில் 4 வாரம் வரை வெளியில் வைக்கலாம். உங்கள் வகைக்கான நாள் கணக்கை மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பனிக்கட்டி மேல் நேரடியாக வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது.

வாந்தியோ வயிற்றோட்டமோ தொடங்கினால், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஐயா சாப்பிட முடியாமல் இருந்தால் இன்சுலினைத் தானாக நிறுத்தவோ, வழக்கமான அளவைப் போடவோ கூடாது. சர்க்கரையைப் பார்த்துவிட்டு உடனே மருத்துவரிடம் கேளுங்கள். மயக்கம், சிறுநீர் குறைவு, மலத்தில் இரத்தம் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.