எல்எல்ஆர் முதல் எட்டு போடுவது வரை: டெல்டாக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம் பக்கம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி கற்றுக்கொடுப்பது என் தொழில். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் லைசென்ஸ் கேள்விகள் குவியும். பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். "புரோக்கருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் பாடத்திட்டத்தில் இல்லை.

அண்ணே, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) டெஸ்ட்டில் என்ன கேட்பார்கள்? படிக்க வேண்டுமா, சும்மா போனாலே போதுமா? (கல்லூரி மாணவர், மன்னார்குடி)

படிக்கணும் தம்பி. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும். சாலைக் குறியீடுகளும் விதிகளும்தான் கேள்வி. நூற்றுக்கு அறுபது விழுக்காடாவது சரியாக இருக்க வேண்டும். குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாதே, வடிவத்தைப் பிடித்துக்கொள். வட்டம் என்றால் உத்தரவு, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல். இதற்குள் அடங்காதவை இரண்டு. எட்டுப் பக்கம் கொண்டது 'நில்', தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு'.

நம் பிள்ளைகள் வழக்கமாகக் கோட்டைவிடுவது மலைப்பாதைக் கேள்வியில். குறுகலான மலைச்சாலையில் எந்த வண்டிக்கு முன்னுரிமை? மேலே ஏறும் வண்டிக்கு. மேடு என்றால் ரயில்வே மேம்பாலம் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது குழப்பம்தான். அடுத்தது ரவுண்டானா. அங்கே உனக்கு வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். தஞ்சாவூரில் யாரும் விடுவதில்லையே என்று கேட்காதே. டெஸ்ட்டில் அப்படித்தான் எழுதணும், அப்புறம் ரோட்டிலும் அப்படித்தான் ஓட்டணும். விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் நீயே போடலாம், இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கொடு.

எல்எல்ஆர் கைக்கு வந்துவிட்டது. இனி திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு நானே பைக்கில் போகலாம்தானே சார்?

போகக் கூடாது. எல்எல்ஆர் என்பது கற்றுக்கொள்வதற்கான அனுமதி மட்டும்தான். அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூடவே இருக்க வேண்டும். பைக்கின் பின்னால் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. வண்டிக்கு முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' தெரிய வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரப் பலகை என்று விதியே அளவு சொல்கிறது. நம் ஊரில் சிவப்பு டேப்பை நகநீளத்துக்குக் கிழித்து நம்பர் பிளேட் மூலையில் ஒட்டுகிறார்கள். அது கண்ணுக்கே தெரியாது.

இதில் பலரும் யோசிக்காத விஷயம் இன்சூரன்ஸ். எல்எல்ஆர் வைத்திருப்பவர் இந்த விதிகளைப் பின்பற்றி ஓட்டியிருந்தால்தான் பாதுகாப்பு உண்டு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். தனியாகப் போய் மோதினால் பணம் வீட்டிலிருந்து போகும். எல்எல்ஆருக்கு ஆறு மாதம் ஆயுள். எடுத்து 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம்.

பையனுக்கு 17 வயது. டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறான். வயல் ரோடுதான், மெயின் ரோடு ஏறுவதில்லை. பரவாயில்லையா? (ஒரு தகப்பனார், பேராவூரணி)

பரவாயில்லை என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றவரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற வயசு வரைக்கும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கட்டும் என்றால் உங்கள் இஷ்டம்.

16 வயதில் எடுக்கலாமே என்பார்கள். அது 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இப்போது கடையில் விற்கும் சாதாரண ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத, 250 வாட்டுக்குக் குறைந்த மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் தேவையில்லை. அவசரமென்றால் அதை வாங்கிக்கொடுங்கள். ஹெல்மெட்டும் சேர்த்து.

ஸ்கூட்டி ஓட்டி லைசென்ஸ் எடுத்தேன். வீட்டுக்காரரின் பைக்கை ஓட்டலாமா? (வலங்கைமான்)

கியர் இல்லாத வண்டி என்று அட்டையில் இருந்தால் கூடாதும்மா. கியர் வண்டிக்குத் தனியாக எல்எல்ஆர் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 43 வயது. கார் கற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊருக்குப் புது ஆற்றங்கரை வழியாகத்தான் போக வேண்டும். எதிரே பஸ் வந்தால் கை நடுங்குகிறது. (ஆசிரியை, தஞ்சாவூர் அருகே)

முதலில் தாள் வேலை. 40 வயதைத் தாண்டியதால் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும். மறந்துவிட்டு ஆர்டிஓ ஆபீஸ் வரை போய்த் திரும்புகிறவர்கள் நிறைய.

இப்போது கரை. கையை நடுங்கவைக்கும் ரோடுதான், உங்கள் மேல் தப்பில்லை. புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயிலும் அதன் கிளைகளிலும் பல இடத்தில் தடுப்புச்சுவர் இல்லை. தார் முடிந்து இரண்டு அடி மண், அப்புறம் தண்ணீர். வெயில் காலத்தில் அந்த மண் கெட்டியாக இருக்கும். ஐப்பசி மழையில் மேலே புல் பசேலென்று இருக்கும், அடியில் குழைந்து கிடக்கும். இடப்பக்கச் சக்கரங்களை அதில் இறக்கினால் வண்டி தானாகவே சரியும். அதனால் தண்ணீர் உங்கள் இடப்பக்கம் இருந்தால் எந்தக் காரணத்துக்கும் தாரை விட்டு இறங்காதீர்கள். பஸ் தூரத்தில் தெரியும்போதே அகலமான இடம் பார்த்து நின்றுவிடுங்கள். மதகு முனை, களத்துமேட்டுத் திருப்பம், கோயில் வாசல் என்று எங்காவது இருக்கும். ஹெட்லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டினால் போதும். அந்த ரூட் டிரைவருக்கு ஒவ்வொரு அங்குலமும் தெரியும், வயல் பக்கம் ஒதுங்கி அவரே கடந்துபோவார். பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்காக நகர வேண்டாம்.

ஒற்றை வண்டி போகிற பாலத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டவருக்கு விட்டுக்கொடுங்கள். இருவரும் நடுவில் மாட்டிக்கொண்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டியவர் பெரும்பாலும் புதியவராக இருப்பார், அதுதான் வேடிக்கை.

வாய்விட்டுச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். கார் தண்ணீரில் இறங்கிவிட்டால் கதவோடு போராடாதீர்கள், வெளியே உள்ள தண்ணீரின் அழுத்தம் திறக்க விடாது. பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை உடனே இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே தள்ளு. பவர் விண்டோ சிறிது நேரம்தான் வேலை செய்யும்.

ரோட்டில் நெல் காயப்போடுகிறார்கள், உளுந்துச் செடியைப் பரப்பிவைக்கிறார்கள். எப்படி ஓட்டுவது? (நீடாமங்கலம்)

நெல்மணி மேல் டூ வீலர் என்பது கடுகு கொட்டிய தரையில் நடப்பது மாதிரி. பரப்பியிருக்கும் இடம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். மேலே ஏறியபின் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள். இரவில் நெல்லைச் சுற்றி வைத்த கற்களை எடுக்காமல் விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

உளுந்து, பயறு அறுப்பு நேரத்தில் காருக்குத்தான் ஆபத்து. செடி அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்ஸரில் பட்டுத் தீப்பிடிக்கும். ஓரமாகப் போக முடிந்தால் போங்கள். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், தாண்டியதும் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். விவசாயியிடம் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். களம் இல்லாமல்தானே ரோட்டுக்கு வருகிறார். ஆனால் வளைவில் பரப்புவது அநியாயம்தான்.

கார் லைசென்ஸில் டாடா ஏஸ் ஓட்டலாமா? வாழைத்தார் ஏற்ற வேண்டும். (திருவையாறு)

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு இலகுரக லைசென்ஸே, அதாவது உங்கள் கார் லைசென்ஸே, போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. டிராக்டரும் அதே எடை வரம்புக்குள் இலகுரகத்தில்தான் வருகிறது.

எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டேன், பெயில். அடுத்து எப்போது?

ஏழு நாள் கழித்துப் போகலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும். எட்டில் கால் இறங்குவதற்கு ஒரே காரணம் முன்சக்கரத்தைப் பார்ப்பது. பார்வை அடுத்த வளைவுக்குப் போகட்டும், வண்டி பின்னாலேயே வரும். முதல் கியர், பாதிக் கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கிறாரே என்று ஆக்ஸிலேட்டரை முறுக்காதே. அவர் வேகத்தைப் பார்க்கவில்லை, நீ திரும்பும்போது கை காட்டுகிறாயா என்று பார்க்கிறார்.

லைசென்ஸ் அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டுமா?

அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ இருந்தால் அதைக் காட்டினாலே செல்லும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.