டாரட் சீட்டின் ஓரத்தை வெட்டலாமா?

கேள்வி: என்னிடம் உள்ள, குறி பார்க்கும் டாரட் சீட்டுகள் 95 மி.மீ. அகலமும் 140 மி.மீ. உயரமும் கொண்டவை. என் கை சிறியது. 78 சீட்டுகளையும் சேர்த்துக் கலைத்தால் பாதி மடியில் விழுகிறது. படத்தைச் சுற்றியுள்ள 10 மி.மீ. வெள்ளை ஓரத்தை நானே வெட்டி எடுக்கலாமா? வெட்டினால் சீட்டின் சக்தி போய்விடும் என்கிறார் என் நாத்தனார்.
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: தாராளமாக வெட்டலாம். டாரட் என்பது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது என்பதை நாத்தனாரிடம் சொல்லுங்கள். கிளி ஜோசியரின் சீட்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை, கிளி அதை அலகால் இழுத்துப் போட்டுவிடும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

ஓரம் முழுவதும் போனால் உங்கள் சீட்டு 75க்கு 120 ஆகும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் டாரட் சீட்டின் அளவு 70க்கு 120 என்பதால் இந்தக் குறைப்பு போதுமானது. ஆனால், சீட்டின் பெயர் கீழ் ஓரத்தில் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1909இல் லண்டனில் வெளியான ரைடர் சீட்டுக்கட்டில் ‘வலிமை’ 8ஆகவும் ‘நீதி’ 11ஆகவும் இருக்க, பிரான்சின் பழைய மார்செய் மரபுச் சீட்டுகளில் இவை இடம் மாறியிருக்கும். பெயரும் எண்ணும் போய்விட்டால் வலிமையைச் சிங்கத்தையும் நீதியைத் தராசையும் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். பெயருக்காகக் கீழ் ஓரத்தை மட்டும் விட்டுவைத்தால், பின்பக்க வடிவம் ஒருபுறம் ஒதுங்கி, எந்தச் சீட்டு தலைகீழாக வருகிறது (தலைகீழானால் பலன் மாறும்) என்பது திருப்பும் முன்பே தெரிந்துவிடும். பெயர் வேண்டுமென்றால் இரு பக்கவாட்டையும் மட்டும் வெட்டுங்கள். நீளவாட்டுப் பக்கங்களைப் பிடித்துக் கலைப்பவர்களுக்கு அகலம் குறைந்தாலே போதும்.

பலரும் தவறுவது அச்சுக்கோட்டை நம்பி வெட்டுவதில்தான். அச்சில் படம் சீட்டுக்குச் சீட்டு சற்று விலகியிருக்கும் என்பதால், கோட்டைப் பின்பற்றினால் ஒவ்வொரு சீட்டும் ஒவ்வோர் அளவில் வந்து, அகலமான சீட்டு அடுக்கிலிருந்து துருத்தி நிற்கும். சில சீட்டுகளில் மயிரிழை வெள்ளை தங்கினாலும் பரவாயில்லை, அளவு மாறக் கூடாது. கட்டிங் மேட்டில் தடித்த அட்டைப் பட்டை ஒன்றை ஒட்டி, அதிலிருந்து 85 மி.மீ. தள்ளிக் கோடு போட்டு, சீட்டைப் பட்டையோடு அணைத்து 78 சீட்டுகளிலும் ஒரு பக்கத்தை வெட்டி முடியுங்கள். பிறகு வெட்டிய பக்கத்தைப் பட்டையில் வைத்து 75 மி.மீ. கோட்டில் மறுபக்கத்தை வெட்டினால் எல்லாம் ஒரே அகலமாகும். உயரத்துக்கும் இதே முறை: முதலில் 130, பிறகு 120. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் லேசாக இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்த்தால் ஸ்கேல் நழுவும். நான்கு பக்கமும் என்றால் 312 வெட்டுகள், ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் பத்து வெட்டுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகைகளில் பழகிக்கொள்ளுங்கள்.

கூர் மூலைகள் கலைக்கும்போது ஒன்றில் ஒன்று குத்திப் பிளக்கும் என்பதால் அவற்றை வளைத்து வெட்டும் கார்னர் கட்டர் தேவை. பாரிமுனை ஆண்டர்சன் தெருக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்; அடையாள அட்டை லேமினேஷன் செய்யும் கடைக்காரரிடமும் இருக்கக்கூடும். கடைசியாக, சீட்டுக்கட்டை இறுக்கிப் பிடித்து, மென்மையான உப்புத்தாளால் ஓரங்களை ஒரே திசையில் தேய்த்தால் பிசிறு போய்விடும்.

கேள்வி: அச்சகத்தில் கொடுத்துக் கட்டிங் மெஷினில் வெட்டினால் வேலை சுலபம்தானே?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: சுலபம்தான், ஆனால் மொத்தக் கட்டையும் ஒரே அடியில் வெட்ட விடாதீர்கள். கத்தி இறங்கும்போது அடுக்கை இழுப்பதால் மேல் சீட்டும் அடிச் சீட்டும் சற்றே வேறு அளவில் வரலாம், அழுத்தும் பலகையின் தடமும் மேல் சீட்டில் பதியலாம். இருபது இருபதாகப் பிரித்து, மேலும் கீழும் வேண்டாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒரு நவம்பர் மழையில் நான் வெட்டிவந்த கட்டு ஈரம் இழுத்து ஒரு வாரத்தில் அப்பளம்போல் வளைந்துவிட்டது. மாசி மாதம் வரை பொறுப்பது நல்லது.