கேன் தண்ணீரில் வாடும் ஆக்ஸலாட்டல்

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு மாதங்களுக்கு முன், தவளைக்கு உறவான, தண்ணீரிலேயே வாழும் ஆக்ஸலாட்டல் ஒன்றை வாங்கினோம். வீடு சென்னை மேடவாக்கத்தில், அடுக்குமாடி. "போர் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும், ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள்" என்று கடைக்காரர் சொன்னார். அப்படியேதான் செய்கிறோம். இப்போது செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருக்கின்றன, வால் நுனி சுருள்கிறது, தீனியும் பாதியாகிவிட்டது. வேறு எந்தத் தண்ணீர்தான் ஊற்றுவது? தொட்டியில் 27 டிகிரி காட்டுகிறது, அது பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் கவனிக்க வேண்டியது அந்த 27-தான். ஆக்ஸலாட்டலின் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய நம் ஊட்டி உயரம். ஊட்டிக்காரரை மேடவாக்கத்தில் மே மாதம் குடிவைத்தது போலத்தான் இது. 16 முதல் 18 டிகிரி அதற்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும். 24-க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் தீனி குறையும், பூஞ்சை பிடிக்கும், மெல்ல மெல்லச் சாகும். சூடான தண்ணீரில் உயிர்வாயு குறைவாகக் கரையும், பிராணிக்கோ சூட்டில் அதிகமாகத் தேவைப்படும். இரண்டு பக்கமும் நெருக்கடி.

வேகமான ஃபில்டர் நீரோட்டமும் செவுளை முன்பக்கம் வளைக்கும். ஆனால் தீனியும் குறைந்து வாலும் சுருள்கிறது என்றால் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். இருந்தாலும் ஃபில்டரைப் பாருங்கள். பம்ப் வைத்தது என்றால் எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள்.

இப்போது ஆர்ஓ தண்ணீருக்கு வருகிறேன். நமக்கு "நல்ல தண்ணீர்" என்றால் சப்பென்று இருப்பது, "உப்புத் தண்ணீர்" என்றால் கெட்டது. குடிப்பதற்கு அந்தக் கணக்கு சரி. ஆக்ஸலாட்டலுக்கு அது தலைகீழ். கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும் கடின நீர்தான் அதற்கு வேண்டும். உலர்ந்த திராட்சையைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் ஊதுகிறதல்லவா? ஆக்ஸலாட்டலின் தோலும் செவுளும் அதுபோல் தண்ணீரை உள்ளே விடும், உடம்பின் உப்பு வெளியே கசியும். சுற்றியுள்ள தண்ணீரில் உப்புகளே இல்லையென்றால் உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றி உப்பைப் பிடித்துவைப்பதே நாள் முழுதும் அதற்கு வேலை. அப்புறம் இன்னொன்று. கார்பனேட் இல்லாத தண்ணீரில் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, நிற்காது, சரிந்துகொண்டே போகும். 6.5-க்குக் கீழே போனால் கழிவைச் செரிக்கும் பாக்டீரியா முடங்கத் தொடங்கும். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காக ஆக்ஸலாட்டல் வளர்க்கும் பெரிய கூடமே இருக்கிறது. அங்கே சோடியம், பொட்டாசியம், கால்சியம் உப்புகளை எடைபோட்டுக் கரைத்த 'ஹோல்ட்ஃப்ரெட்டர்' கரைசலில்தான் வளர்க்கிறார்கள். உங்கள் கடைக்காரர் உப்பையெல்லாம் எடுத்த தண்ணீரை ஊற்றச் சொன்னார், திருப்பிச் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார். அவர் கையில் இருப்பது, தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் பேனா. இந்தப் பேனாவைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் என் ஆத்திரம் தீராது. வீட்டுக்கு வந்து இரண்டு கம்பிகளை உங்கள் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்து, "பாருங்கம்மா, எவ்வளவு அழுக்கு" என்று செம்மண் நிறத்தைக் காட்டி ஆர்ஓ மெஷின் விற்பார்களே, அந்த வித்தையின் ஒன்றுவிட்ட தம்பி இது. அங்கே நிறம் மாறுவது கம்பியின் இரும்பு கரைவதால். ஆர்ஓ தண்ணீரில் மின்சாரம் அதிகம் பாயாது, அதனால் அது தெளிவாக நிற்கும், அவ்வளவுதான். டிடிஎஸ் பேனாவும் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து ஒரு மொத்தக் கணக்கு சொல்லும். 300 என்று காட்டினால் அதில் கால்சியம் எவ்வளவு, சாப்பாட்டு உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆக்ஸலாட்டலைக் கொல்கிற அளவு அம்மோனியா இருந்தாலும் பேனாவில் ஒன்றிரண்டு எண் கூடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். அந்தப் பேனாவைக் காட்டி "உங்க தண்ணி சூப்பர்" என்கிறவரிடம் பிராணி எதுவும் வாங்காதீர்கள்.

வாங்க வேண்டியது சொட்டு மருந்து மாதிரி குப்பிகளில் வரும் பரிசோதனைப் பெட்டி. ஏபிஐ மாஸ்டர் கிட் பரவலாகக் கிடைக்கிறது. பிஹெச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் நான்கும் அதில் பார்க்கலாம். கால்சியம், மக்னீசியம் தரும் கடினத்தன்மையைக் காட்டும் ஜிஹெச், கார்பனேட் அளவைக் காட்டும் கேஹெச் குப்பிகள் அதில் இருக்காது, தனியாக வாங்க வேண்டும். நைட்ரேட்டின் இரண்டாவது குப்பியை முப்பது விநாடி நன்றாகக் குலுக்குங்கள், மேஜையில் இரண்டு தட்டும் தட்டுங்கள். அடியில் படிந்தது கலக்காவிட்டால் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

உங்கள் போர் தண்ணீரின் ஜிஹெச் 7 முதல் 14 டிகிரிக்குள் இருந்தால், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 125 முதல் 250 மில்லிகிராம், அப்படியே ஊற்றலாம். கேஹெச் 3-லிருந்து 8 வரை, பிஹெச் 7.4-ஐ ஒட்டி இருந்தால் அருமை, 8 வரை போனாலும் பயப்பட வேண்டாம். போர் தண்ணீர் ரொம்பக் கடினம், 400 மில்லிகிராம் வருகிறது என்றால் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்தால் 200 ஆகிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் விசாரியுங்கள்: உங்கள் குடியிருப்பில் சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கிறதா? இருந்தால் அந்தக் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியத்தை வைப்பதுதான் சாஃப்ட்னரின் வேலை. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆக்ஸலாட்டலுக்குப் பயனில்லை. சாஃப்ட்னருக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து பிடித்துத் தரச் சொல்லுங்கள்.

மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் வருகிற வீடுகளில் வேறு தலைவலி. இன்றைக்கு ஏரித் தண்ணீர், நாளைக்குக் கடல்நீரைச் சுத்திகரித்தது, மறுநாள் எந்தக் கிணற்றுத் தண்ணீரோ. குழாயைத் திறக்கிறவருக்கு எது எப்போது மாறியது என்று யாரும் சொல்வதில்லை, கேட்டால் "குடிக்கிற தண்ணிதானே சார்" என்பதோடு முடிந்துவிடும். குளோரின் அளவும் அப்படித்தான். அரசு ஆய்வகம் ஒன்றில் ஒருமுறை மாதிரி கொடுத்தேன். அறிக்கை கைக்கு வருவதற்குள் எங்கள் சம்ப்பில் மூன்று லாரி மாறியிருந்தது.

குளோரினுக்கு ஆன்டி-க்ளோர் போடுங்கள். கற்கண்டு மாதிரி பளபளவென்று இருக்கும் சோடியம் தயோசல்பேட்தான் அது, கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கற்றாழைச் சாறு, அயோடின் கலந்த "தோல் பாதுகாப்பு" வகைகளை எடுக்காதீர்கள். தண்ணீரைத் திறந்த டிரம்மில் காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்தாலும் குளோரின் போய்விடும், போர் தண்ணீரின் பிஹெச்சும் நிலைக்கு வந்துவிடும். சம்ப்பும் மாடி டேங்கும் கழுவுகிற நாளில் மட்டும் தொட்டித் தண்ணீரை மாற்றாதீர்கள். கழுவி முடித்ததும் ப்ளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளி வீசிவிட்டுப் போவார்கள். என் வீட்டிலேயே நடந்தது. மதியம் சம்ப் கழுவியது எனக்குத் தெரியாது, மாலையில் கால் தொட்டி மாற்றினேன். பத்து நிமிடத்தில் என் இரண்டு ஆக்ஸலாட்டல்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன, செவுள் வெளுத்துவிட்டது. வாளியை முகர்ந்து பார்த்தால் நீச்சல் குள வாடை. ஆன்டி-க்ளோர் போட்டுக் காப்பாற்றினேன். அன்றிலிருந்து வாட்ச்மேனிடம் கேட்காமல் நான் தண்ணீர் மாற்றுவதில்லை. வெயில் காலத்தில் மாடி டேங்க் தண்ணீரைப் பகலில் பிடிக்காதீர்கள், விடிகாலை ஐந்து மணிக்குப் பிடியுங்கள்.

அடுத்தது அந்த வாராந்திரத் தேய்ப்பு. பிராணியின் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) வரை தாங்கும். இந்தப் பாக்டீரியா குடியிருப்பது ஸ்பாஞ்சிலும் கண்ணாடியிலும் மணலிலும். நீங்கள் அதை வாராவாரம் சோப்பு போடாத குறையாகத் தேய்த்து, காலி செய்து, குளோரின் தண்ணீரில் அலசி விடுகிறீர்கள். இரண்டு மாதமாக உங்கள் தொட்டி தினமும் முதல் நாளிலேயே நிற்கிறது.

இன்றே போர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். பிஹெச் 7-ல் அதிகம் தீங்கு செய்யாமல் கிடக்கிற அம்மோனியா, பிஹெச் 8 ஆனதும் ஏறக்குறைய பத்து மடங்கு விஷமாகிவிடும். ஆர்ஓ தண்ணீரில் பிஹெச் இறங்கியிருப்பதால்தான் உங்கள் பிராணி இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது. மேலே கடின நீரைக் கொட்டினால் தூங்குகிற அம்மோனியா எழுந்துவிடும்.

ஆக்ஸலாட்டலைப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் ஒரு சுத்தமான டப்பில் மாற்றுங்கள். முதல் நாள் முக்கால் பங்கு ஆர்ஓ, கால் பங்கு போர் தண்ணீர். ஐந்தாறு நாளில் போர் தண்ணீரை மெல்லக் கூட்டி, உங்களுக்கு வேண்டிய கடினத்தன்மைக்கு வாருங்கள். டப்பில் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும், குளோரின் நீக்கிய, அதே குளிர்ச்சியுள்ள தண்ணீராக. "முழுசா மாத்தாதே என்று இப்போதுதானே சொன்னீர்கள்" என்பீர்கள். தொட்டியில் வேலை செய்யப் பாக்டீரியாவை வளர்க்கிறோம், டப்பில் அது இல்லை, உங்கள் கைதான் ஃபில்டர்.

அந்த நேரத்தில் பிராணி இல்லாத தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஃபில்டரை ஓடவிடுங்கள். ஒரு துண்டு இறாலைத் துணியில் கட்டிப் போட்டால் அழுகி அம்மோனியா வரும், அதை உண்டு பாக்டீரியா வளரும். நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். தெரிந்தவரின் ஆரோக்கியமான மீன்தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் சீக்கிரம் ஆகும். தொட்டியில் 2 பிபிஎம் அளவு அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் பிராணியை விடலாம். அதன் பிறகு வாரம் கால் தொட்டி மாற்றினால் போதும். ஸ்பாஞ்சைப் பிழிவதானால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழியுங்கள். மிச்சத் தீனியை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் அன்றன்றே உறிஞ்சி எடுத்துவிடுங்கள். "ஒரே நாளில் தொட்டி ரெடி" என்ற பாட்டில்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். எதற்கெடுத்தாலும் கடையில் தருகிற நீல மருந்தையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். வளர்த்த பாக்டீரியா அத்தனையும் அதில் போய்விடும்.

சூட்டுக்கு வருவோம். தொட்டிமேல் ஃபேன் வைத்தால் போதும் என்பார்கள். மதுரையில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும், அதே பானை சென்னையில் மந்தமாகத்தான் இருக்கும், காற்றிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது. ஃபேனும் அதே பானைக் கணக்குதான். மார்கழியில் உதவும், சித்திரையில் 25-ஐத் தொடுவதே அபூர்வம். ஐஸ் பாட்டில் போட்டால் மணிக்கு மணி ஏறி இறங்கும், அது இன்னும் மோசம். இணையத்தில் "மினி சில்லர்" என்று விற்கும் சிறு பெல்டியர் பெட்டிகள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குளிர்விக்கலாம், நூறு லிட்டர் தொட்டியை அல்ல. கம்ப்ரசர் வைத்த சில்லர் அல்லது இரவும் பகலும் ஏசி ஓடும் அறை, வேறு வழி இல்லை. பிராணியின் விலையைவிடச் சில்லரின் விலை பல மடங்கு என்பதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விற்காதே!

ஃபேன் வைப்பதானால், ஆர்ஓ தண்ணீரைக் கலக்காமல் தனியாக ஊற்றுகிற ஒரே இடம் அங்கே வருகிறது. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், பொறுமையாகச் சொல்கிறேன். ஃபேன் காற்றில் தண்ணீர் மட்டம் தினமும் இறங்கும். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். இறங்கிய இடத்தைப் போர் தண்ணீரால் நிரப்பினால் அந்தத் தண்ணீரின் உப்பும் சேரும். ரசம் சுண்டச் சுண்ட உப்பு ஏறுவது போல மாதக் கடைசியில் தொட்டி கரித்துவிடும். அதனால் ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்ஓ ஊற்றுங்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு வரை. வாரம் கால் தொட்டி எடுத்து மாற்றும்போது மட்டும் கலவைத் தண்ணீர். ஆவியானதற்கு ஆர்ஓ, எடுத்து ஊற்றியதற்குக் கலவை. இரண்டையும் மாற்றிச் செய்தால் மறுபடி செவுள் வளையும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அழிவாபத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்ஸலாட்டல் இருக்கிறது. 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின்படி இத்தகைய பிராணிகளை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் செய்யலாம். கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பில் இருந்தால் பத்திரமாக வையுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் இன்றே கேட்டு வாங்குங்கள்.

பெட்டி வந்ததும் உங்கள் போர் தண்ணீரின் ஜிஹெச், கேஹெச், தொட்டியின் அம்மோனியா மூன்றையும் எழுதி அனுப்புங்கள், கலவை விகிதத்தைத் திருத்திச் சொல்கிறேன். போர் தண்ணீர் எண்களுக்குக் குழாயிலிருந்து பிடித்து ஒரு நாள் வைத்த தண்ணீர் வேண்டும், தொட்டித் தண்ணீர் அல்ல.