கட்டி வற்றியது, வெள்ளணு ஏறியது ஏன்?

கேள்வி: என் அப்பச்சிக்கு வயது 68. சி.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மதுரையில் இப்ருடினிப் மாத்திரை கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. கழுத்துக் கட்டிகள் வற்றிவிட்டன. ஆனால் வெள்ளணு 62,000-லிருந்து 1,10,000 ஆகிவிட்டது. மருந்து கேட்கவில்லையா? எதிர்ப்பு சக்தியும் போய்விடுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: பயப்படாதீர்கள். கட்டி வற்றியிருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தால் மருந்து கேட்கிறது.

அப்பச்சிக்குக் கெட்டிருப்பவை பி செல்கள், அதாவது கிருமிக்கு எதிரான புரதங்களைச் செய்யும் ஒருவகை வெள்ளணுக்கள். நல்ல பி செல் லேசில் கிளம்பாது. உங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பங்காளிகள் இருவரும் சாவி கொண்டுவந்தால்தான் திறக்கும் இரும்புப் பெட்டி மாதிரி. செல்லின் மேலுள்ள ஏற்பியில் கிருமி ஒட்டுவது முதல் சாவி. பெரும்பாலும் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் சம்மதம் இரண்டாவது. முதல் சாவி திரும்பியதும் உள்ளே லின், சிக், பிடிகே என்று புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பும். இதில் வேடிக்கை, எழுப்பிவிடும் லின்னே சிடி22 என்ற புரதத்தின் வழியாக பிரேக்கும் போடுகிறது. லின் இல்லாத எலிகளுக்கு, எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வருகிறது. பந்தியில் ‘போதும்’ சொல்ல ஆளில்லாத கதைதான்.

அப்பச்சியின் செல்களில் இந்தச் சங்கிலி ஓயாமல் ஓடுகிறது. நெறிகட்டும் இடங்களில் அவை ஒட்டி உட்கார்ந்திருக்கவும் பிடிகே வேண்டும். மாத்திரை அதைப் பூட்டியதும் பிடி தளர்ந்து செல்கள் ரத்தத்தில் வந்து கொட்டுகின்றன. கழுத்து வற்றுகிறது, ரிப்போர்ட் ஏறுகிறது. இவை இடம் மாறிய செல்கள், புதிதாகப் பெருகியவை அல்ல. மெல்ல இறங்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். கட்டியும் மறுபடி பெருத்தாலோ, ஹீமோகுளோபின் குறைந்தாலோ அது வேறு விஷயம், உடனே காட்டுங்கள்.

எதிர்ப்பு சக்திக்கு வருவோம். 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், அடிக்கடி தொற்று வந்த 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில், கிருமியை எதிர்க்கும் புரதமான காமா குளோபுலினே இல்லை என்று கண்டார். அந்த நோய்க்குக் காரணம் பழுதான ஒரு புரதம் என்று 1993-ல் தெரிந்தது. அதுதான் பிடிகே, அதிலுள்ள ‘பி’ புரூட்டனின் பி. பிறவியிலேயே அது இல்லாவிட்டால் பி செல்லே முதிராது. அப்பச்சிக்கு அந்த அளவு ஆகாது, ஆனாலும் தொற்று சுலபமாகத் தொற்றும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் கசாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், ரத்தத் தட்டணுக்களுக்கும் பிடிகே தேவை. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் என்றாலோ, பல் பிடுங்க வேண்டியிருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சு படபடத்தாலும் சொல்லுங்கள். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை மதுரை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.